பனிக்கடலில் காவிரி

அண்டார்டிகாவில் காவிரி ஓடியது என்று கண்டுபிடித்தவர் எங்கள் துறைத் தலைவர். இதே வார்த்தைகளில் அவர் சொல்லவில்லை. ஆனால் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, புழுக்கத்தில் கோட் மாட்டிக்கொண்டு மேடையில் நின்று அவர் சொன்னது அதுதான். நான் இப்போது அந்தக் கல்லூரியில் இல்லை, அதனால் நிம்மதியாக எழுத முடிகிறது. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

என் வேலை சேறு பார்ப்பது. இப்படிச் சொன்னால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் யாருக்கும் புரிவதில்லை. கடல் சேறு என்றால் கொஞ்சம் மரியாதை வரும். தென்துருவக் கடல் என்றால் உடனே, "நீங்க அங்கல்லாம் போயிருக்கீங்களா?" என்பார்கள். போனதில்லை. நான் பார்த்த பனி எல்லாம் ஃப்ரீசரில் பார்த்ததுதான். போகாமல் எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் சேறு.

கப்பலிலிருந்து குழாய் இறக்கிக் கடலின் அடித்தரையைத் துளைப்பார்கள். குழாய்க்குள் நீளமாகச் சேறு ஏறி வரும். மேலே இருப்பது புதுசு. கீழே போகப் போகப் பழசு, லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தையது. அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை யாரும் தொடாமல் குளிர் அறையில் வைத்துவிடுவார்கள். மறு பாதியிலிருந்து கரண்டியளவு கரண்டியளவாக அள்ளிப் பையில் போட்டு, எந்த ஆழத்துச் சேறு என்று மேலே எழுதி, ஆராய்ச்சிக்குக் கேட்டவர்களுக்கு அனுப்புவார்கள்.

அந்தச் சேற்றில் டயாட்டம் என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாசி. தன்னைச் சுற்றிக் கண்ணாடியால் ஒரு டப்பா கட்டிக்கொண்டு வாழும். செத்தபின் உள்ளே இருப்பது அழுகிப்போகும், கண்ணாடி டப்பா மட்டும் கடலடியில் படியும். கடல்மேல் உறைந்த பனியை ஒட்டி வாழும் இனம் வேறு, திறந்த கடலில் வாழும் இனம் வேறு, ஆற்றுத் தண்ணீரில் வாழும் இனம் வேறு. ஒவ்வொரு ஆழத்துச் சேற்றிலும் எது எவ்வளவு இருக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் எண்ணினால், அந்தக் காலத்தில் அந்தக் கடல் உறைந்திருந்ததா திறந்திருந்ததா என்று சொல்லிவிடலாம். மந்திரம் ஒன்றும் இல்லை. கழுத்து வலிக்கும், கண் எரியும், அவ்வளவுதான்.

அந்தச் சேற்றுக்காக நான் பல வருஷம் விண்ணப்பம் போட்டேன். ஒப்பந்த வேலையில் இருப்பவள் பேரில் அனுப்ப மாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் நான் எழுதி, துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டார். கடைசியில் சேறு கப்பலேறி, விமானமேறி, சென்னை சுங்கத்தில் வந்து உட்கார்ந்தது. அங்கிருந்த அதிகாரி போனில் என்னிடம், "மண்ணாம்மா? நம்ம ஊர்ல மண் இல்லையா?" என்று கேட்டார். அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அந்தப் பொறுமையை எங்கே கற்றேன் என்று எனக்கே தெரியவில்லை, பிறகு அது எங்கே போனது என்றும் தெரியவில்லை. லேப் ஃப்ரிட்ஜிலிருந்து மற்றவர்களின் தயிர் டப்பாவையும் சாம்பார் தூக்கையும் சண்டை போட்டு வெளியேற்றி, தட்டுகளைத் துடைத்து இடம் செய்து வைத்தேன்.

பெட்டி வரும் வாரம் தொட்டியத்தில் என் அப்பாவுக்குத் திவசம். வாழைத் தோட்டம் வைத்திருந்த மனிதர். மகள் சேற்றிலிருந்து தப்பித்துப் படிக்கட்டும் என்று படிக்க வைத்தார், மகள் திரும்பச் சேற்றுக்கே போனாள். தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். பெட்டி வந்தால் அப்படியே ஃப்ரிட்ஜில் வையுங்கள், நான் வந்து திறக்கிறேன் என்றேன். திறக்கும்போது கையுறை, சுத்தமான கரண்டி, மூடிய அறை எல்லாம் வேண்டும், காற்றில் பறக்கும் தூசிகூட உள்ளே போகக் கூடாது என்று விளக்கினேன். "நீங்க வராம யாரும்மா தொடப்போறா? போயிட்டு வாங்க," என்றார் அவர். அதை நம்பினேன். நம்பாமல் இருக்க அன்றைக்கு ஒரு காரணமும் இல்லை.

திரும்பி வந்தபோது பெட்டிமேல் சந்தனம், குங்குமம், காய்ந்த சாமந்தி. பெட்டிக்குப் பூஜை போட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சரஸ்வதி பூஜைக்கு எங்கள் மைக்ரோஸ்கோப்புக்கே நான்தான் பொட்டு வைப்பேன், லென்ஸில் படாமல். பைகள் எல்லாம் மூடியபடியே ஃப்ரிட்ஜில் வரிசையாக இருந்தன. நான் என் வேலையைத் தொடங்கினேன்.

துளிச் சேற்றை எடுத்து, அமிலத்தில் ஊற வைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, வடிந்ததைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காய வைக்க வேண்டும். முதலில் பார்த்த ஆழங்களில் எல்லாம் எதிர்பார்த்ததே. பனியை ஒட்டி வாழும் இனங்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. பிறகு நடு ஆழத்துப் பைகளுக்கு வந்தேன். உலகம் இப்போதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்த காலம் அது என்பதால் எல்லோரும் ஆவலோடு கேட்கும் ஆழம் அது. அங்கே, பனி இனங்களுக்கு நடுவில், ஆற்று டயாட்டம்கள்.

சும்மா ஆற்று டயாட்டம் இல்லை. எம்.எஸ்ஸி. படிக்கும்போது காவிரித் தண்ணீரை மாதக்கணக்கில் எண்ணியவள் நான். ஒவ்வொன்றும் தெரிந்த முகம். தென்துருவத்தில் இறங்கினால், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கிற ஆள் எதிரே வந்து நிற்பது மாதிரி இருந்தது. என் கண்ணையே சந்தேகப்பட்டேன். பிறகு தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். சேறு போடாமல் வெறும் தண்ணீரை மட்டும் அதே முறையில் காய வைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பனிமலை உருகி நன்னீர் வெள்ளம் கடலில் பாய்ந்திருக்கிறது, இதுவரை யாரும் பார்க்காத தடயம், நம் கல்லூரிக்கு எவ்வளவு பெரிய பெயர் என்று மளமளவென்று அடுக்கினார். சரிபார்க்காமல் சொல்லக் கூடாது சார் என்றேன். சரிபாருங்கள், அதற்குள் நான் கருத்தரங்குக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். ஏற்பாடும் செய்தார். நான் ஒரு பையைச் சரிபார்த்து முடிப்பதற்குள் வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது.

நான் அடுத்த முறை அவர் அறைக்குப் போனபோது, அவர் தலைக்குப் பின்னால் சுவரில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. ஃப்ரேம் போட்டு அன்றுதான் வந்திருக்கிறது. பெட்டி வந்த நாள் பூஜை. நிர்வாகத்துப் பெரியவர் ஒருவர் பொன்னாடையோடு நிற்கிறார், பக்கத்தில் துறை ஆசிரியர்கள், பூஜை செய்பவர் கையில் மாவிலை. தலைவர் நடுவில். அவருடைய இரண்டு கையிலும் ஒரு பை. வாய் திறந்த பை. மேஜையில் இன்னும் சில பைகள், அவையும் திறந்தவை. மாவிலையிலிருந்து தெறித்த தண்ணீர்த் துளிகள் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் மின்னுகின்றன.

தலைவர் வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

"சார், அந்தப் படத்துல பையெல்லாம் திறந்திருக்கு," என்றேன்.

திரும்பிப் பார்த்தார். பெரியவர் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார், போட்டோவிலும் சேறு தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, முக்கியமான ஆழம் என்று நீங்கள்தான் பட்டியலில் கோடு போட்டிருந்தீர்கள், அதனால் அந்தப் பைகளையே எடுத்தோம் என்றார். ஏதோ எனக்கு மரியாதை செய்தது போலச் சொன்னார்.

தீர்த்தம் உள்ளே விழுந்திருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். "ரெண்டு சொட்டும்மா. காவிரித் தீர்த்தத்துல என்ன அழுக்கு இருக்கப் போகுது?"

"அழுக்குன்னு நான் சொல்லல சார். அதுல உயிர் இருக்குன்னு சொல்றேன்."

என்னை இன்றைக்கும் கொதிக்க வைப்பது அந்த 'அழுக்கு' என்ற வார்த்தைதான். நான் ஏதோ காவிரியைப் பழித்துவிட்டது போல, சாமியைக் குறை சொன்னது போல, அந்த ஒரு வார்த்தையில் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். காவிரிக் கரையில் பிறந்தவள் நான். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். அதன் ஒரு சொட்டில் எத்தனை உயிர் இருக்கிறது என்று எண்ணிப் பட்டம் வாங்கியவள். ஆற்றுக்கு மரியாதை என்றால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும் மரியாதைதானே? இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்கு வார்த்தை எல்லாம் திரும்பிப் பஸ்ஸில் வரும்போதுதான் வரும்.

மறுநாள் காலை பூஜை செய்தவரைத் தேடிப் போனேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தண்ணீர் எங்கே எடுத்தது என்று மட்டும் கேட்டேன். அம்மாமண்டபம் படித்துறையில், அன்றைக்குக் காலையில் எடுத்தது என்றார். எதற்குக் கேட்கிறேன் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "பெட்டி மேல தெளிச்சா போறும்னுதான் சொன்னேன். அவர்தான் பையைத் திறந்து கையில ஏந்திண்டார். படத்துல நன்னா விழணும்னார்," என்றார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்.

அங்கிருந்து நேராகப் படித்துறைக்குப் போனேன். தர்ப்பணம் கொடுப்பவர்களுக்கும் துணி அலசுபவர்களுக்கும் நடுவில் இறங்கி ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். லேபில் வைத்துப் பார்த்தால் அதே முகங்கள். பிறகு, ஆரம்பத்திலேயே செய்திருக்கலாமே என்று தோன்றிய ஒன்றைச் செய்தேன். படத்தில் திறந்திருந்த பைகளிலிருந்து துளிச் சேறு எடுத்து, அமிலம் எதுவும் விடாமல், அப்படியே கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தேன். அமிலம் விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் எரிந்து கண்ணாடி டப்பா மட்டும்தான் மிஞ்சும். விடாவிட்டால் இருப்பது இருந்தபடி தெரியும்.

பனி டயாட்டம்கள் எல்லாம் வெறும் டப்பாக்கள். லட்சக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் கிடந்தால் வேறு எப்படி இருக்கும்? ஆற்று டயாட்டம்களுக்குள் பச்சை இருந்தது. மங்கிய, ஓரத்தில் பழுப்பேறிய பச்சை. போன மாதம் வரை வெயிலைப் பார்த்து உயிரோடு இருந்தவை. பக்கத்தில் துளசி இலைத் துணுக்கு ஒன்றும் கிடந்தது, நரம்பெல்லாம் தெளிவாக. அதே ஆழத்தை அடுத்திருந்த, திறக்காத பைகளையும் பார்த்தேன். ஆறும் இல்லை, வெள்ளமும் இல்லை, துளசியும் இல்லை. பனி இனங்கள் மட்டும். கடல் உறைந்திருந்திருக்கிறது. யாரும் பேனர் கட்ட மாட்டார்கள், ஆனால் அதுதான் நடந்தது.

தலைவரை லேபுக்கு அழைத்து வந்து காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். ஃபோகஸை முன்னும் பின்னும் திருகினார். அவர் முட்டாள் இல்லை, அதுதான் எரிச்சல். பார்த்தது என்ன என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது. நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஸ்லைடு அருமையாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். பிறகு, "இதை இப்ப யார்கிட்டயும் காட்ட வேண்டாம்மா. கருத்தரங்கு முடியட்டும். உங்க கான்ட்ராக்ட் பேப்பரும் என் டேபிள்லதான் இருக்கு, மறந்துடல நான்," என்றார். ஆறுதல் சொல்வது போலத்தான் இருந்தது குரல். கருத்தரங்குக் கட்டுரையில் உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

என் பெயர். இத்தனை வருஷமாக எந்த அறிக்கையிலும் கடைசி வரியில்கூட இடம் கிடைக்காத என் பெயர், இந்தப் பொய்க்கு மட்டும் தாராளமாகக் கிடைத்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். என் கணவர் ரயில்வேயில் இருக்கிறார், நிதானமான மனிதர். புத்தூர் ஆஸ்பத்திரியில் அவர் அம்மாவுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்த சமயம், என் சம்பளம் இல்லாமல் முடியாது. விட்டுவிடு என்றார். "நாட்டுல எவ்வளவோ ஓடுது. எப்பவோ உறைஞ்ச கடல். உறைஞ்சா என்ன, உருகினா என்ன? இதுல யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு?"

அவருக்குப் பதில் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. நாங்கள் எண்ணிக் கொடுப்பதை வேறு யாரோ எடுத்து, அன்றைக்கு அந்தச் சூட்டில் பனி எவ்வளவு தாங்கியது என்று பார்த்து, இனிமேல் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுவார்கள். கடல் எவ்வளவு ஏறும் என்பது அதிலிருந்து வரும். நாகப்பட்டினத்தில் எந்தத் தெரு தண்ணீருக்குள் போகும் என்பது அதிலிருந்து வரும். அந்தக் கணக்கின் அடியில் அம்மாமண்டபத்துப் பாசியும் ஒரு துளசி இலையும் உட்கார்ந்திருக்கும், அதற்குக் கீழே என் பெயர் இருக்கும். நஷ்டம் யாருக்கு என்றா கேட்கிறீர்கள்? அவர் சோற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, சம்பளத்தை என்ன செய்வது என்று யோசிப்போம், நீ சாப்பிடு என்றார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி தலைவருக்கு எழுதிக் கொடுத்தேன். எடுத்துவிட்டார். மறுபடி எழுதி, உண்மையைச் சொல்லச் சொன்னேன். அதற்குப் பதில் இல்லை.

கருத்தரங்கு நாளில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தலைவர் தன் பேச்சைத் தொடங்கியதே அந்தப் பூஜைப் படத்தோடுதான். நம் பண்பாடும் நவீன விஞ்ஞானமும் கைகோத்த தருணம் என்றார், கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே ஆத்திரமும் வந்தது. தடயத்தைத் தானே பெரிதாக்கிச் சுவர் முழுக்கக் காட்டுகிறார், ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு வெள்ளம், அம்புக்குறி, உருகும் பனிமலை எல்லாம் வரிசையாக வந்தன.

முன்வரிசையில் வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் இருந்தார், வயதான அம்மாள், இதே வேலையில் தலை நரைத்தவர். பேச்சு முடிந்ததும் அவர் சாதாரணமாக ஒன்று கேட்டார். வெள்ளம் என்றால் அடுத்தடுத்த ஆழங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வேண்டுமே, இது சில பைகளில் மட்டும் திடீரென்று வந்து திடீரென்று நிற்கிறதே, ஏன்? தலைவர் நீரோட்டம் என்றார், காற்று என்றார். அந்த அம்மாள் விடவில்லை. வெளியிலிருந்து ஏதாவது கலந்திருக்குமோ என்று கேட்டார்.

தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பின்வரிசை வரை தேடி, கண்டுபிடித்துப் பார்த்தார். அப்படிக் கலந்திருந்தால் தனக்குத் தெரிய வாய்ப்பில்லை என்றார். "பையைத் திறந்தது, கையாண்டது எல்லாம் எங்க லேப்ல இருக்கிற அந்த மேடம்தான். அவங்க கவனக்குறைவா எதாவது நடந்திருந்தா நான் விசாரிக்கிறேன்."

அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது. இந்த முறை வார்த்தை பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை.

"முதல் படத்துக்குப் போங்க சார்," என்றேன்.

அவர் அசையவில்லை. நான் எழுந்து நடந்து மேடையேறி, கணினியில் நானே பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். பனிமலை போனது, அம்புக்குறி போனது, வெள்ளம் போனது. பூஜைப் படம் சுவர் முழுக்க வந்து நின்றது. திறந்த பைகள், மாவிலை, வெளிச்சத்தில் மின்னும் துளிகள். முன்வரிசை அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார்.

"இதுதான் பையை முதல்ல திறந்த நாள். இதுல நான் எங்க இருக்கேன்னு காட்டுங்க சார்."

அவர் கையில் லேசர் விளக்கு இன்னும் அணையாமல் இருந்தது. கேட்டதும் பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டார். சிவப்புப் புள்ளி படத்தில் ஏறி, பொன்னாடை போர்த்தியவரைக் கடந்து, ஆசிரியர்களின் முகம் முகமாகத் தேடிக்கொண்டு போனது. நான் அங்கே இல்லை. நான் அன்றைக்குத் தொட்டியத்தில் அப்பாவுக்குப் பிண்டம் வைத்துக்கொண்டிருந்தேன். புள்ளி கடைசி முகம் வரை போய்விட்டு, திரும்பி வந்து, திறந்த பையைப் பிடித்திருந்த அவருடைய கையின் மேலேயே நின்றது.